கோரையைப் போன்ற, கோரை அல்லாத ரெஸ்டியோ: கேப் நிலத்துக்கே உரிய ஒரு தாவரக் கூட்டம்

11 பிப்ரவரி 2023 – ஒரு வாசகரின் கேள்வி

கேப் டவுனுக்குச் சென்றிருந்த என் மைத்துனர் டேபிள் மலையின் உச்சியில் எடுத்த படங்களை அனுப்பியிருந்தார். பாறைகளுக்கு நடுவே எங்கு பார்த்தாலும் நம் ஊர்க் கோரை போன்ற ஒரு செடி. அதன் பெயர் ரெஸ்டியோ என்றும், தென்னாப்பிரிக்காவின் தென்மேற்கு மூலையைத் தவிர வேறெங்கும் அது வளராது என்றும் சொன்னார். கோரை எந்த வாய்க்கால் ஓரத்திலும் தானாக முளைக்கிறது, பிடுங்கினாலும் போவதில்லை. அப்படியிருக்க, ஒரே நிலத்தில் மட்டும் வளரும் கோரை என்று ஒன்று இருக்க முடியுமா? அப்படியே இருந்தாலும், அந்த நிலம் வீட்டுமனையாகும்போது செடியைப் பெயர்த்து வேறிடத்தில் நட்டுவிட்டால் காரியம் முடிந்தது அல்லவா? அந்த ஊரில் வசிப்பவர் யாரேனும் விளக்க வேண்டும்.

12 பிப்ரவரி 2023

கேப் டவுனில் பல ஆண்டுகளாக வசிக்கிறேன். எங்கள் குடியிருப்பை ஒட்டி எஞ்சியிருக்கும் ஒரு துண்டு மணல்நிலத்தைப் பராமரிக்கும் தன்னார்வலர்களில் நானும் ஒருவன். ஆகவே இந்தக் கேள்விக்கு நானே பதில் எழுதத் தொடங்குகிறேன்.

முதலில், ரெஸ்டியோ கோரை அன்று. கோரை சைபரேசி குடும்பத்தைச் சேர்ந்தது. ரெஸ்டியோக்கள் ரெஸ்டியோனேசி என்னும் வேறொரு குடும்பம். புல், கோரை, ரெஸ்டியோ ஆகிய மூன்றும் தாவரவியலாரின் வகைப்பாட்டில் ஒரே பெரிய வரிசைக்குள் அடங்குவதாலும், மூன்றும் பெரும்பாலும் காற்றை நம்பியே மகரந்தத்தைப் பரப்புவதாலும் தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றுபோலத் தெரிகின்றன. அருகில் சென்றால் குழப்பம் தீர்ந்துவிடும். நம் ஊர்க் கோரைத் தண்டை விரல்களுக்கிடையில் உருட்டினால் மூன்று விளிம்புகள் தட்டுப்படும், அடியில் உள்ள இலையுறை குழாயைப்போல மூடியிருக்கும். ரெஸ்டியோவின் தண்டு பெரும்பாலும் உருண்டையானது. ஒவ்வொரு கணுவிலும் ஒரு பழுப்பு உறை தண்டைச் சுற்றியிருக்கும். அது ஒரு பக்கத்தில் அடிவரை பிளந்து, ஓர் ஓரம் மற்றோர் ஓரத்தின் மேல் படிந்திருக்கும். நகத்தால் நெம்பினால் தாளாகப் பிரிந்து வரும். இலை என்று அந்தச் செடியிடம் எஞ்சியிருப்பது அந்த உறை மட்டுமே. வெயிலை வாங்கி உணவாக்கும் வேலை முழுவதையும் பச்சைத் தண்டே செய்கிறது. எலீஜியா என்னும் பேரினத்தில் அந்த உறைகூட நிலைப்பதில்லை. தண்டு முற்றியதும் உறை உதிர்ந்து, கணுவில் ஒரு கரிய வளையம் மட்டும் மிஞ்சும். மலைப்பாதையில் நடக்கும்போது நான் முதலில் தேடுவது அந்த வளையத்தைத்தான்.

உங்கள் மைத்துனர் சொன்னதில் ஒரு சிறு திருத்தம் தேவை. குடும்பம் முழுவதும் கேப் பகுதிக்கு உரியதன்று. ஏறத்தாழ 500 இனங்கள் கொண்ட இக்குடும்பத்தில் சுமார் 350 ஆப்பிரிக்காவில் உள்ளன. எஞ்சியவற்றில் பெரும்பங்கு ஆஸ்திரேலியாவில், சில நியூசிலாந்தில், ஒன்று சிலியில், ஒன்று தாய்லாந்து, வியட்நாம், மலேசியா முதலிய நாடுகளில். இந்தியாவிலோ இலங்கையிலோ ரெஸ்டியோ இயற்கையாக வளர்வதில்லை. ஆப்பிரிக்க இனங்களில் விரல்விட்டு எண்ணத்தக்க சில டிராக்கன்ஸ்பெர்க் மலைத்தொடரிலும், அதைத் தாண்டி மலாவி, மடகாஸ்கர் வரையிலும் சென்றிருக்கின்றன. மற்ற அனைத்தும் கேப் தாவரப் பகுதியை விட்டு நகரவில்லை. அவற்றில் பல ஒரே மலைத்தொடரை, சில ஒரே மலையைக்கூட விட்டு நகரவில்லை.

அந்தப் பகுதியின் பரப்பு ஏறத்தாழ 90,000 சதுர கிலோமீட்டர், அதாவது தமிழ்நாட்டின் பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு. அதற்குள் சுமார் 9,000 தாவர இனங்கள் வளர்கின்றன, அவற்றில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் உலகில் வேறெங்கும் இல்லாதவை. டேபிள் மலை தொடங்கி நன்னம்பிக்கை முனை வரை நீளும் தீபகற்பத்தை மட்டும் எடுத்துக்கொண்டால், 471 சதுர கிலோமீட்டரில் 2,285 இனங்கள் பதிவாகியிருக்கின்றன.

பெயர்த்து நடும் யோசனையைப் பற்றித் தனியாக எழுதுகிறேன். அதற்கு ஒரே வரியில் பதில் சொன்னால் நியாயமாக இராது.

12 பிப்ரவரி 2023, இரவு

மேலே கோரையைப் பற்றி எழுதியதோடு ஒன்றைச் சேர்க்கவேண்டும். கேப் பகுதியிலும் கோரைப்பாய் உண்டு. இங்குள்ள பழங்குடியினரான கோயிகோய் மக்கள் தங்கள் வளைந்த கூடாரங்களைப் போர்த்துவதற்குப் பாய் முடைந்தது சைபரஸ் டெக்ஸ்டைலிஸ் முதலிய கோரைகளைக் கொண்டுதான். பத்தமடைப் பாயின் கோரையும் அதே சைபரஸ் பேரினம். ரெஸ்டியோ இங்கே பாயாகவில்லை, கூரையாகவும் துடைப்பமாகவும் ஆனது. ஆகவே உங்கள் ஊர்க் கோரைக்கு இந்த நாட்டில் உறவினரைத் தேட வேண்டுமென்றால் மலையுச்சிக்குப் போகவேண்டாம், ஆற்றங்கரைக்கு வந்தால் போதும்.

19 பிப்ரவரி 2023

ஒரே நிலத்தில் மட்டும் வளரும் செடி பலவீனமானதாகத்தான் இருக்கவேண்டும் என்று இன்னொரு வாசகர் எழுதியிருக்கிறார். இந்த எண்ணம் பலரிடமும் இருப்பதால் சற்று விரிவாக மறுக்க விரும்புகிறேன்.

டேபிள் மலையும் அதன் தொடர்களும் மணற்கல்லால் ஆனவை. அந்த மணல் படிந்தது 40 கோடி ஆண்டுகளுக்கும் முன்னர். அதில் கரைந்து வரக்கூடிய சத்து எப்போதோ கரைந்து போய்விட்டது. எஞ்சியிருப்பது வெள்ளை மணல். கையில் அள்ளினால் ஒட்டுவதுகூட இல்லை. பாஸ்பரஸ் அதில் மிக அற்பம். மழை, மேற்குப் பகுதியில், குளிர்காலத்தில்தான் பெய்கிறது. கோடையில் மாதக்கணக்கில் மண் காய்ந்து கிடக்கிறது, அதோடு தென்கிழக்குக் காற்று ஓயாமல் வீசுகிறது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எல்லாம் தீயில் எரிந்து போகிறது. உலகின் மிகப் பெரும்பாலான புற்கள் இந்த நிலத்தில் தலையெடுக்க முடியாமல் பின்வாங்குகின்றன. அவை விட்ட இடத்தைத்தான் ரெஸ்டியோக்கள் எடுத்துக்கொண்டன. ஃபின்போஸ் என்று இங்கே அழைக்கப்படும் புதர்க்காட்டில் புரோட்டியா, எரிக்கா, ரெஸ்டியோ ஆகிய மூன்றும் மூன்று தூண்கள்; முதல் இரண்டும் இல்லாத இடத்தில்கூட மூன்றாவது இருக்கும். ரெஸ்டியோ இருக்கிறதா என்று பார்த்தே ஒரு நிலத்தை ஃபின்போஸ் என்று உறுதிசெய்பவர்கள் பலர்.

வேரைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். மழைக்காலத்தில் ஒரு தூரின் ஓரத்து மணலை மெதுவாக விலக்கிப் பார்த்திருக்கிறேன். பல ரெஸ்டியோக்களின் இளவேர்களில் குறிப்பிட்ட இடங்களில் மட்டும் வேர்த்தூவிகள் மிக நெருக்கமாகவும் நீளமாகவும் வளர்ந்து, மணலைப் பற்றி ஒரு உறையாகவே ஆக்கிவிடுகின்றன. உதறினாலும் அந்த மணல் உதிர்வதில்லை. தூவிகளுக்கிடையில் ஈரம் தங்குகிறது. அந்த ஈரத்தில் வேர் அமிலங்களைக் கசியவிட்டு, மணல் துகளோடு இறுகிக் கிடக்கும் பாஸ்பரஸைக் கரைத்து எடுக்கிறது. நல்ல மண்ணில் ஒரு பயனும் இல்லாத இந்த ஏற்பாட்டுக்குச் செடி பெருஞ்செலவு செய்கிறது. அதே செடியை வளமான தோட்ட மண்ணில், புல்லும் களையும் சூழ விட்டால், அவை வேகமாக வளர்ந்து இதை மூடிவிடும். இதைப் பலவீனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மற்றவை வாழ முடியாத நிலத்தில் வாழக் கற்றதற்கு அது கொடுத்த விலை இது.

5 மார்ச் 2023

இப்போது பெயர்த்து நடுவது பற்றி.

எங்கள் நிலத்துக்கு அருகில் ஒரு குடியிருப்புக்காக மணல்மேடு சமன்செய்யப்பட்டது. அந்த வேலையை எடுத்திருந்த நிறுவனம், அங்கிருந்த பெரிய ரெஸ்டியோத் தூர்களை இயந்திரத்தால் அள்ளி, எங்களிடம் கொடுத்துவிட்டு, செடிகள் காப்பாற்றப்பட்டன என்று தன் பலகையில் எழுதிவைத்தது. நாங்கள் குழி வெட்டி, அதே மணலை இட்டு, குளிர்கால மழை தொடங்கும் நேரம் பார்த்து நட்டோம். செடிகள் பல மாதங்கள் பசுமையாகவே நின்றன. பார்ப்பவர்கள் எல்லாம் பிடித்துக்கொண்டுவிட்டது என்றார்கள். ரெஸ்டியோவின் தண்டு விறைப்பானது, மெழுகுப்பூச்சு கொண்டது, உள்ளே கடினமான நார்த்திசு உள்ளது; வேர் செத்த பிறகும் அதன் பச்சை எளிதில் போவதில்லை. உயிர் இருக்கிறதா என்று அறிய ஒரே வழி, அடியில் புதுத்தளிர் விடுகிறதா என்று பார்ப்பதுதான். பெரும்பாலானவற்றில் ஒரு தளிரும் வரவில்லை. அடுத்த கோடையில் அவை வைக்கோல் நிறமாயின.

வளர்ந்த ரெஸ்டியோ தன் வேரை யாரும் தொடுவதைப் பொறுப்பதில்லை என்பதை இங்குள்ள நாற்றங்கால்காரர் எவரைக் கேட்டாலும் சொல்வார். சிறு நாற்றாக இருக்கும்போது தொட்டியிலிருந்து மாற்றலாம். அதற்குமேல் கூடாது.

செடியே பிழைத்தாலும் கணக்கு தீரவில்லை. மேட்டில் இருந்தது ரெஸ்டியோ மட்டும் அன்று. மணலுக்குள் கிடந்த விதைகள், விதைகளைப் புதைக்கும் எறும்புகள், தீ வந்தால் முளைக்கக் காத்திருந்த மற்ற இனங்கள் எல்லாம் அந்த மேட்டோடு போயின.

9 ஏப்ரல் 2023

விதை போட்டு வளர்க்கலாமே என்று கேட்டவருக்கு: போடலாம், போடுகிறோம். இந்த மாதம்தான் அதற்கு ஏற்றது. பகலில் வெப்பமும் இரவில் குளிர்ச்சியும் மாறிமாறி வரும் இலையுதிர்காலத்தில் (இங்கே பருவங்கள் வடகோளத்துக்கு நேர்மாறானவை) விதைத்தால்தான் பல இனங்கள் முளைக்கின்றன. ஆனால் அதுவும் போதாது, புகை வேண்டும்.

இந்தப் புகை விஷயம் மிக அண்மையில்தான் வெளிப்பட்டது. தீக்குப் பின்னர் ஃபின்போஸ் முளைக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. ஆயினும் அதற்குக் காரணம் வெப்பம் என்றே நெடுங்காலம் நம்பினார்கள். 1990-இல் டி லாங்கே, பூஷே ஆகிய இருவர் ஔடூனியா காப்பிட்டாட்டா என்னும் அரிய கேப் செடியின் விதைகளைத் தூண்டுவது புகையே என்று காட்டினர். அதன்பின் கிர்ஸ்டன்போஷ் தாவரத் தோட்டத்தில் நெவில் பிரவுன் என்பவர் ஒவ்வோர் இனமாக எடுத்துப் புகையூட்டிப் பார்த்தார். அதுவரை நாற்றங்காலில் முளைக்கவே மறுத்த ரெஸ்டியோக்கள் பல அப்போதுதான் தட்டுகளில் பசுமை காட்டின. இன்று உலகின் பல தோட்டங்களில் ரெஸ்டியோ நிற்கிறதென்றால் அதற்கு இந்த ஆராய்ச்சியே அடிப்படை. புகையில் உள்ள தூண்டுபொருளில் முதன்மையான ஒன்றை 2004-இல் ஆஸ்திரேலியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் இரண்டு குழுக்கள் தனித்தனியே பிரித்தெடுத்தன.

நாங்கள் செய்வது எளிய முறை. மணல் நிரப்பிய தட்டுகளில் விதையைத் தூவி, மேலே பிளாஸ்டிக் கூடாரம் கட்டி, ஒரு தகர உருளையில் காய்ந்ததும் பச்சையுமாகப் புதர்க்கிளைகளை மூட்டி, குழாய் வழியாகப் புகையை உள்ளே செலுத்துவோம். புகை குளிர்ந்து உள்ளே வரவேண்டும் என்பதால் குழாய் நீளமாக இருப்பது நல்லது. பிறகு மெல்லிய பூவாளியால் நீர் தெளித்தால், மணல்மேல் படிந்த புகைச்சத்து விதைக்கு இறங்கும். இடமில்லாதவர்கள் கிர்ஸ்டன்போஷில் கிடைக்கும் புகைநீர் ஊறிய தாள்வில்லைகளை வாங்கி, தண்ணீரில் போட்டு, அதில் விதையை ஒரு நாள் ஊறவைக்கலாம். முதலில் வருவது தலைமுடி அளவே மெல்லிய தளிர். அதைப் புல் என்று நினைத்துப் பிடுங்கிவிடாமல் இருப்பதற்காகவே புதிய தன்னார்வலர்களைத் தட்டுகளின் அருகில் தனியே விடுவதில்லை.

10 ஏப்ரல் 2023

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு, அப்படியானால் தீ நல்லதுதானே, அடிக்கடி கொளுத்தினால் என்ன என்று ஒருவர் கேட்கிறார். கூடாது. ரெஸ்டியோக்களில் இரண்டு போக்குகள் உண்டு. சில, மண்ணுக்கடியில் உள்ள தண்டிலிருந்து தீக்குப் பின் மீண்டும் துளிர்க்கும். மற்றவை தீயில் முழுவதும் சாகும். விதையிலிருந்தே மறுபடி வரவேண்டும். இரண்டாவது வகைக்கு முளைத்து, வளர்ந்து, போதிய விதை உதிர்க்கப் பல ஆண்டுகள் தேவை. ஃபின்போஸ் வழக்கமாக 10 முதல் 30 ஆண்டுக்கு ஒருமுறை எரிவது. அந்த இடைவெளி நான்கு ஐந்து ஆண்டுகளாகச் சுருங்கினால், விதையை நம்பியிருக்கும் இனங்கள் அந்த இடத்தில் அடியோடு மறைந்துபோகும். நகரத்தின் விளிம்பில் நடப்பது பெரும்பாலும் இதுவே.

28 மே 2023

படம் அனுப்பி, இது எந்த இனம் என்று கேட்கும் கடிதங்கள் வருகின்றன. ஒரே ஒரு தண்டின் படத்தை வைத்துச் சொல்வது பெரும்பாலும் இயலாது. ஏனென்றால் ரெஸ்டியோவில் ஆண்செடி வேறு, பெண்செடி வேறு. தாம்னோகார்ட்டஸ் பேரினத்தில் ஆண்செடியின் சிறுகதிர்கள் மெல்லிய காம்பில் கீழ்நோக்கித் தொங்கி, காற்றில் ஆடி மகரந்தத்தைக் கொட்டுகின்றன; பெண்செடியின் சிறுகதிர்கள் நிமிர்ந்து நிற்கின்றன. பக்கத்தில் பக்கத்தில் நின்றாலும் இரண்டும் ஒரே செடி என்று யாரும் நம்பமாட்டார்கள். எலீஜியாவில் சில இனங்களின் பெண் மஞ்சரியைப் பெரிய மடல்கள் மூடிக்கொண்டிருக்கும், ஆண் மஞ்சரியோ விரிந்து பஞ்சுபோல் இருக்கும். பழைய தாவரவியலார் ஆணையும் பெண்ணையும் இருவேறு இனங்களாக விவரித்த நிகழ்வுகள் உண்டு. அருகருகே வளரும் பத்து இனங்களின் நடுவே எந்த ஆணுக்கு எந்தப் பெண் என்று பொருத்துவதே இக்குடும்பத்தை ஆராய்ந்தவர்களின் பெரும்பாடாக இருந்திருக்கிறது.

அந்தப் பாட்டைப் பட்டவர்களில் இருவரைச் சொல்லாமல் விடக்கூடாது. நெவில் பில்லன்ஸ் 1928-இல் ஆப்பிரிக்க ரெஸ்டியோக்கள் அனைத்தையும் ஒழுங்குபடுத்தி எழுதினார். நெவிலியா என்னும் பேரினம் அவர் பெயரைத் தாங்கியது. எல்சி எஸ்டர்ஹைசன் என்னும் அம்மையார் கேப் மலைகளில் வாழ்நாள் முழுவதும் ஏறி இறங்கி ஏறத்தாழ 36,000 உலர்மாதிரிகளைச் சேகரித்தார். வார இறுதியில் மலையேற்றக் குழுவோடு கிளம்பி, மற்றவர்கள் எட்டிப்பார்க்காத பாறைப்பிளவுகளிலிருந்து செடிகளோடு திரும்புவார் என்று இங்கே மூத்தவர்கள் சொல்வதுண்டு. ஒரே சிகரத்தில் மட்டும் உள்ள இனங்களைப் பற்றி இன்று நமக்குத் தெரிவதில் பெரும்பகுதி அவர் கால்கள் தேடித் தந்தது.

படம் எடுப்பவர்கள் இனி மூன்றை எடுங்கள்: கணுவில் உள்ள உறை, மஞ்சரி, செடியின் அடிப்பாகம். அருகில் வேறு தோற்றத்தில் ஒரு செடி நின்றால் அதையும் எடுங்கள். அது முதல் செடியின் இணையாக இருக்கலாம்.

16 ஜூலை 2023

சென்ற மாதம் டி ஹூப் காப்பகத்துக்குச் சென்றுவந்தேன். அங்குதான் செரட்டோகேரியம் அர்ஜென்டியம் என்னும் ரெஸ்டியோவைப் பார்த்தேன். அதன் விதை எனக்குத் தெரிந்த விதைகளிலேயே மிக வினோதமானது.

கொட்டை போன்ற விதை கொண்ட ரெஸ்டியோக்களில் பெரும்பாலானவற்றின் விதைகள் கரியவை, வழுவழுப்பானவை. இது மட்டும் பழுப்பாக, சொரசொரப்பாக, உருண்டையாக, சுமார் ஒரு சென்டிமீட்டர் குறுக்களவில், ஆட்டுப் புழுக்கையைப் போலவே இருக்கிறது. மூக்கருகே கொண்டுபோனால் வாசனையும் அதுவே. அங்கு மேயும் போண்டபாக், ஈலாண்ட் மான்களின் சாணத்தை ஒத்த வாசனை அது. கேப் டவுன் பல்கலைக்கழகத்தின் ஜெரமி மிட்ஜ்லியும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் இந்த விதையை எலிகள் எடுத்துப் புதைக்கின்றனவா என்று அறியக் கேமரா வைத்தார்கள். எலிகள் அதைப் பொருட்படுத்தவில்லை. வந்தது சாணவண்டு. அது விதையை உருட்டிச் சென்று மணலில் புதைத்துவிட்டுப் போயிற்று. உள்ளே தின்னவோ முட்டையிடவோ எதுவும் இல்லை. வண்டுக்கு இதில் சிறிதளவும் ஆதாயம் இல்லை. செடிக்கோ தீயிலிருந்தும் எலிகளிடமிருந்தும் விதைக்கு மண்ணுக்கடியில் ஓர் இடம் கிடைத்தது. இந்த முடிவுகள் 2015-இல் வெளியாயின.

இந்த இழையில் எழுப்பப்பட்ட பெயர்த்து நடும் கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதிலை நான் அறியேன். விதையைக் கையோடு எடுத்துச் செல்லலாம். சாணவண்டும், அது நம்பி ஏமாறும் மான்சாணமும், அந்தக் கடலோர மணலும் இல்லாத ஊரில் அந்த வாசனையை யாரிடம் காட்டுவது?

17 ஜூலை 2023

எறும்புகளைப் பற்றிக் கேட்டவருக்கு: ஆம், வில்டெனோவியா, ஹைப்போடிஸ்கஸ், கன்னோமோயிஸ் போன்ற பேரினங்களில் பல இனங்களின் கொட்டையோடு ஒரு சதைப்பற்றான கொழுப்புத் துண்டு ஒட்டியிருக்கும். எறும்புகள் அதற்காகக் கொட்டையைப் புற்றுக்கு இழுத்துச் சென்று, அந்தத் துண்டைத் தின்றுவிட்டு, கொட்டையை நிலத்தடியிலேயே விட்டுவிடும். இங்கு எறும்புக்குக் கூலி கிடைக்கிறது, வண்டுக்குக் கிடைப்பதில்லை என்பதே வேறுபாடு. அர்ஜென்டினாவிலிருந்து வந்த எறும்பு இந்த ஏற்பாட்டைக் கெடுக்கிறது. அது உள்ளூர் எறும்புகளை விரட்டிவிட்டு, கொழுப்பை மட்டும் மேற்பரப்பிலேயே தின்றுவிட்டு விதையைப் புதைக்காமல் விடுகிறது. புரோட்டியா குடும்பச் செடி ஒன்றில் இதை 1984-இலேயே நிறுவிவிட்டார்கள்.

24 செப்டம்பர் 2023

ரெஸ்டியோவால் மனிதருக்கு என்ன பயன் என்ற கேள்விக்குப் பதில் தர நெடுநாள் தாமதித்துவிட்டேன். பயன் இல்லாவிட்டாலும் அது இருக்கவேண்டும் என்பதே என் எண்ணம். ஆயினும் பயன் உண்டு, அதுவும் பெரிதாக உண்டு.

கேப் டவுனிலிருந்து கிழக்கே 300 கிலோமீட்டருக்கும் அப்பால் ஆல்பர்டீனியா, ரிவர்ஸ்டேல், ஸ்டில்பாய் ஊர்களைச் சுற்றியுள்ள கடலோர மணற்சமவெளியில் தாம்னோகார்ட்டஸ் இன்சிக்னிஸ் வளர்கிறது. உள்ளூரில் அதை டெக்ரீட் என்பார்கள். ஆளுயரத்துக்கு மேல் நேராக, கிளைக்காமல் நிற்கும் தண்டு. வெள்ளைச் சுவரும் வளைந்த முகப்பும் கொண்ட பழைய கேப் டச்சு வீடுகளின் சாம்பல் நிறக் கூரைகளை எல்லோரும் படத்தில் பார்த்திருப்பீர்கள். அத்தகைய கூரைகளை வேய இந்தத் தண்டுக்கு இணையானது கேப் நாட்டில் இல்லை. அரிவாளால் அடியோடு அறுத்து, உதறித் தளர்ந்த உறைகளை நீக்கி, கட்டுகளாகக் கட்டிக் காயவைக்கிறார்கள். நன்கு வேய்ந்த கூரை பல பத்தாண்டுகள் தாங்கும். விதை உதிர்ந்தபின் அறுத்து, மீண்டும் அறுப்பதற்குள் சில ஆண்டுகள் இடைவெளி விட்டால் செடிக்கும் கேடில்லை.

அறுவடை நடந்த ஒரு நிலத்தில் நின்று பார்த்தபோது வேறொரு கவலை எனக்கு எழுந்தது. விலை வருகிறது என்பதற்காக மற்றப் புதர்களை வெட்டி எறிந்து, டெக்ரீட்டை மட்டும் நெருக்கமாக வளரவிடும் நிலங்கள் உண்டு. தூரத்திலிருந்து அது செழிப்பான ஃபின்போஸ் போலத் தெரியும். உள்ளே சென்றால் ஒரே இனம். கேப் பகுதிக்கே உரிய ஒரு செடியைக் கொண்டே கேப் பகுதியின் பன்மையைக் குறைத்துவிட முடியும் என்பதை அங்குதான் கண்டேன். கூரைத்தொழில் நிற்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்த வருமானம் இல்லாமல் போனால் அந்த மணல் உழவுக்கோ மனைக்கோ போய்விடும். புதர்களுக்கும் கொஞ்சம் இடம் விட்டு அறுக்கும் விவசாயியிடமிருந்து வாங்குவதே சரி.

3 டிசம்பர் 2023

தென்கிழக்குக் காற்று தொடங்கிவிட்டது. டேபிள் மலையின் மேல் வெண்மேகம் படிந்து விளிம்பில் வழிகிறது. கீழே நகரத்தில் ஒரு துளியும் விழாது. மேலே சென்றால் ரெஸ்டியோத் தண்டுகளின் நுனிதோறும் நீர்முத்து நிற்கும். தண்டைத் தொட்டால் கை நனைந்துவிடும்.

இதை முதன்முதலில் அளந்து பார்த்தவர் ஜெர்மனியிலிருந்து இங்கு வந்து குடியேறிய தாவரவியலார் ருடால்ஃப் மார்லோத். 1902 டிசம்பர் முதல் 1903 பிப்ரவரி வரையிலான கோடையில் மலையின் மேல் இரண்டு மழைமானிகளை வைத்தார். ஒன்றைத் திறந்தபடி விட்டார். மற்றொன்றின்மேல் நாணற்கட்டு ஒன்றை நிறுத்தினார். திறந்த மானியில் சுமார் 5 அங்குலம் நீர் சேர்ந்தது; கட்டு நின்றதில் சுமார் 80 அங்குலம்.

இந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டு, ரெஸ்டியோக்கள் மழையைப் பதினாறு மடங்காக்குகின்றன என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். அது சரியன்று. மார்லோத்தின் கட்டு காற்றின் நடுவே தனியாக நின்றது. மலைச்சரிவில் ஒரு தூர் மற்றொரு தூருக்குக் காற்றுமறைப்பாக நிற்கிறது. முன்வரிசை பிடித்த ஈரம் பின்வரிசைக்கு இல்லை. ஒரு கட்டின் அறுவடையை ஒரு மலையால் பெருக்கக்கூடாது. ஆனால் அவர் நிறுவ முயன்ற உண்மை நிற்கிறது: மழையே இல்லாத மாதங்களில் மேகத்திலிருந்து நீரை வடித்து மண்ணுக்கு இறக்க, இலையற்ற மெல்லிய நெட்டைத் தண்டுகள் மிக ஏற்றவை.

14 ஜனவரி 2024

பெர்த்தில் வசிக்கும் ஒரு சகோதரி, தம் ஊரிலும் இதேபோன்ற செடிகள் உள்ளன என்று படங்களோடு எழுதியிருக்கிறார். ஆம், தென்மேற்கு ஆஸ்திரேலியாவின் கதையும் ஏறத்தாழ இதுவே. அங்கும் பழைய சத்தற்ற மண், குளிர்கால மழை, தீ. அனார்த்ரியா, லைஜினியா, ஹாப்கின்சியா ஆகிய பேரினங்கள் அந்த மூலையில் மட்டுமே உள்ளன. அவை முன்பு தனிக் குடும்பமாக வைக்கப்பட்டிருந்தன. 2016-இல் வெளியான வகைப்பாட்டில் ரெஸ்டியோனேசிக்குள் சேர்க்கப்பட்டன. அங்கேயே எக்டியோகோலியேசி என்று இரண்டே பேரினங்கள் கொண்ட ஒரு சிறு குடும்பமும் உண்டு. பார்வைக்கு ரெஸ்டியோ போலவே இருக்கும் அக்குடும்பம், மரபணு ஆய்வின்படி, புல் குடும்பத்துக்கு மிக நெருங்கிய உறவு. நெல்லும் கரும்பும் கேழ்வரகும் உறவினரைத் தேடிப் போனால் அந்த வறண்ட மணலில் வந்து நிற்கவேண்டும் என்பது எனக்கு இன்னும் வியப்பாகவே உள்ளது.

அதே ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சீகை (வாட்டில்) மர இனங்கள்தாம் இங்கே ரெஸ்டியோக்களின் முதன்மையான எதிரி. நீலகிரியில் புல்வெளிகளை மூடிவிட்ட கருஞ்சீகையும் இங்குள்ளது. மணல்நிலத்தில் அதைவிடக் கொடியது அகேசியா சலிக்னா. அது மண்ணில் நைட்ரஜனைச் சேர்க்கிறது. சத்தற்ற மண்ணையே நம்பி வாழும் செடிகளுக்கு அந்தச் சத்துதான் முதல் அடி, பின்னாலேயே புல் வந்துவிடுகிறது. அதன் விதை மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும், தீ வந்தால் கூட்டமாக முளைக்கும். 1987-இல் அதற்கென்றே ஒரு துருப்பூஞ்சை ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவரப்பட்டு விடப்பட்டது. மரங்களில் பழுப்பு முடிச்சுகள் தொங்குவதை இன்று எங்கும் காணலாம். 1995 முதல் அரசின் நீர்ப்பாதுகாப்புத் திட்டத்தின்கீழ் ஆயிரக்கணக்கானோர் இந்த மரங்களை வெட்டும் வேலையில் இருக்கிறார்கள். இருந்தும் வேலை தீரவில்லை.

21 ஜனவரி 2024

கோத்தகிரியிலிருந்து எழுதும் நண்பர், தம் தோட்டத்தில் எலீஜியா வளர்க்க விதை கிடைக்குமா என்று கேட்கிறார். அவர் ஊரின் மழை தவறான பருவத்தில் பெய்கிறது, மண்ணும் ஏற்றதன்று. அதைவிட முக்கியமாக, வெளியூர்ச் செடிகளால் ஏற்கெனவே புல்வெளியை இழந்த மலைக்கு இன்னொரு வெளியூர்ச் செடியை அனுப்ப நான் உதவமாட்டேன். அவர் இதைத் தவறாக எடுத்துக்கொள்ளக்கூடாது.

அவருடைய இரண்டாவது கேள்வி எனக்கு நெருக்கமானது: சீகைக் கன்றுகளை எப்போது பிடுங்குவது? எங்கள் அனுபவத்தைச் சொல்கிறேன். தீ கடந்த நிலத்தில் முதல் மழைக்காலத்திலேயே அவை முளைத்துவிடும். அப்போது முழங்காலுக்குக் கீழே நிற்கும் கன்றை, நல்ல மழை பெய்து மண் நெகிழ்ந்திருக்கும் நாளில், தண்டின் அடியைப் பிடித்து நேராக மேல்நோக்கி இழுத்தால் வேர் முழுதாக வந்துவிடும். பக்கவாட்டில் இழுத்தால் முறிந்து, அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும். பிடுங்கியவற்றை வேர் மேலே தெரியும்படி ஓரிடத்தில் குவித்துவிடுங்கள், மண்மேல் பரப்பிவிட்டால் மழையில் சில மீண்டும் பிடித்துக்கொள்ளும். முதல் இரண்டு மழைக்காலங்களுக்குள் முடித்துவிட்டால் கை போதும். மூன்றாம் ஆண்டில் ரம்பம் வேண்டும், அதற்குள் அவை பூக்கவும் தொடங்கியிருக்கும்.